மிளகுக் கூட்டத்தில் இரண்டு பேர்

கொல்லிமலைப் பேருந்தில் ஆர்தர் பெப்பர்கார்னை ஜன்னலோரம் உட்கார வைத்தது என் முதல் தவறு. மேலே போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்று சொல்லி வைத்தது இரண்டாவது. மனிதர் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டாவது வளைவில் பின் இருக்கைக்காரர்களும் சேர்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எண்ணினார்கள். இருபதில் நான் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்க்கத் தொடங்கினேன். எழுபத்திரண்டு வயதுக்காரர் ஜன்னல் கம்பியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். ராசிபுரத்தில் பிறந்து அந்த மலையைப் பார்த்தே வளர்ந்த நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி நான் அங்கே போய் அப்போது இருபது வருடமாகியிருந்தது. அந்த ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குவதும், உரக்கப் பேசுகிறவர்களை முறைப்பதும் என் வேலை. ஆர்தர் ஓய்வுபெற்ற தபால்காரர். திங்கள்கிழமை தவறாமல் வந்து, குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகங்களை மேசையில் பரப்பிக்கொள்வார். பெப்பர்கார்ன் என்றால் மிளகு, அதிலும் ஒரே ஒரு மிளகு. அந்த நாட்டில் அது அபூர்வமான பெயர். எங்கள் ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு இரண்டே வரிகள். ஒன்று அவர், இன்னொன்று அவருடைய தங்கை டோரத்தி. இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த வம்சத்தில் வேறு யாரும் மிச்சமில்லை என்று ஆர்தர் தேடிப் பார்த்து உறுதி செய்து வைத்திருந்தார்.

அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணமும் அந்தப் பெயர்தான். எங்கள் முன்னோர் மிளகு வியாபாரிகள், கப்பலில் வந்த மூட்டைகளை இறக்கிப் பிரபுக்களின் சமையலறைகளுக்கு விற்றவர்கள் என்பது ஆர்தரின் கட்சி. அப்படியெல்லாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை, முப்பாட்டன் எவனோ குள்ளமாக, கறுப்பு முடியோடு இருந்திருப்பான், ஊரார் கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது டோரத்தியின் கட்சி. புத்தகங்கள் இரண்டையும் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரே ஒரு மிளகைக் குத்தகையாகக் கொடுத்து நிலத்தை அனுபவித்தவன் என்று மூன்றாவதாகவும் ஒன்றைச் சொல்லிவிட்டு, எதற்கும் உறுதி இல்லை என்று கையை விரித்துவிடுகின்றன.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இந்த வாக்குவாதம் முற்றியது. டோரத்தி சின்ன வயதிலிருந்தே மிளகு சாப்பிடுவதில்லை. யாரும் தடுத்ததில்லை, அவளுக்கு நோய்நொடி எதுவும் கிடையாது, பிடிக்காது, அவ்வளவுதான். "மிளகை வாயில் வைக்காதவளுக்கு இந்தப் பெயரைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது?" என்று ஆர்தர் கேட்டார். விருந்தாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். டோரத்தி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவள்தான்.

இதை என்னிடம் சொல்ல ஆர்தருக்கு ஒரு வருடம் பிடித்தது. தன் கட்சிக்கு ஆதாரம் கிடைத்தால், அதைச் சாக்காக வைத்தாவது அவள் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று பார்க்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் இடம் பிடித்து வைக்கவில்லை என்று பத்து வருடம் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள்கூட ஆதாரத்துக்காகப் புத்தகம் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். "ஒரு மிளகுக் கொடியையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றார். தை மாதம் நான் ஊருக்குப் போகிறேன், பக்கத்து மலையில் மரத்துக்கு மரம் மிளகு ஏறிக் கிடக்கிறது என்றேன். பேச்சுக்குச் சொன்னேன். அடுத்த திங்கள்கிழமை தொப்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இது நடந்தது தொண்ணூற்றொன்பதில்.

செம்மேட்டில் என் சித்தி மகள் சரசு இருக்கிறாள். அவள் கணவருக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை. மாற்றலாகிக் கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்து அப்போது நான்கு வருடமாகியிருந்தது. சரசுவுக்குப் போன் போட்டு, விருந்தாளி வெள்ளைக்காரர், வயதானவர், மிளகு பார்க்க வருகிறார் என்றேன். அவர்கள் வம்சத்துப் பெயரே மிளகுதான், அப்பன் பாட்டன் எல்லாருக்கும் அதே பெயர் என்றும் விளக்கினேன். சரசு "அப்படீங்களாக்கா" என்று கேட்டுவிட்டு, அப்பன் பாட்டன் எல்லாருக்குமேவா என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றாவது வளைவில் பேருந்து நின்றுவிட்டது. மேலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரி, வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் இறங்கினோம். இதே எங்கள் இங்கிலாந்து ஊராக இருந்தால், ஆளுக்கொரு செய்தித்தாளை விரித்துக்கொண்டு யாராவது வந்து சரி செய்யும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இங்கே இறங்கிய அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்டக்டர் ஒரு யோசனையையும் காதில் வாங்காமல், லாரியின் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் தேடினார். ஆர்தர் ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து, சரியான நேரத்தில் சக்கரத்துக்குக் கீழே தள்ளினார். அதன் பிறகு அவர்தான் அந்தப் பேருந்தின் செல்லப்பிள்ளை. கண்டக்டர் "பாத்து ஏறுங்க சாமி" என்று கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

வெள்ளைக்காரர் பேர் என்ன என்று முன் இருக்கை அம்மாள் கேட்டாள். சொன்னேன், பொருளையும் சொன்னேன். அவள் திரும்பி ஆர்தரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் உயரம் ஐந்தடிதான் இருக்கும். "மொளகாட்டமேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று ஆர்தர் ஆவலாகக் கேட்டார். டோரத்தியின் கட்சிக்கு முதல் ஓட்டு விழுந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்கிறாள் என்றேன்.

சரசு வாசலிலேயே காத்திருந்தாள். அன்று சாயங்காலம் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். ஆர்தர் நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நாட்டுக்கோழி வறுவல் வந்தது. வரமிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக அவருக்கு ஒரு தட்டு, கறுப்பாக, கரகரப்பாக மிளகு அரைத்துப் போட்டு எனக்கு ஒரு தட்டு. மிளகாய்க் காரத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே என் தட்டை ஏக்கமாகப் பார்த்தார். மிளகுநாட்டுக்கு வந்து முதல் வேளையிலேயே எனக்கு மிளகு கிடையாதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வெள்ளைக்கார வயிற்றுக்குப் பார்த்துப் பக்குவமாகச் செய்திருக்கிறாள் என்று சமாதானம் சொன்னேன். அத்தனை மிளகாயை அள்ளிப் போடுவது என்ன பக்குவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோழி நன்றாக இருந்ததால் தோன்றவில்லை.

மறுநாள் காலை வெண்பொங்கல். என் தட்டில் மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்து மின்னின. ஆர்தரின் பொங்கல் புது வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மத்தியானம் ரசத்திலும் அதே கதை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போனால் பத்தடியில் சந்தைக்குப் போய்விடலாம். சரசு எங்களைத் தெருவைச் சுற்றி அழைத்துப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, அவர் கால் பட்டுவிடக் கூடாது என்றாள். காயப்போட்டதை மிதித்தால் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

செம்மேட்டுச் சந்தையில் ஒரு மிளகு மூட்டை வாய் திறந்து நின்றது. ஆர்தர் தொப்பியைக் கழற்றினார். அந்த மூட்டைக்கு முன்னால் மண்டி போட்டு, முகத்தை உள்ளே விடாத குறையாக மூச்சை இழுத்தார். பிறகு தும்ம ஆரம்பித்தார். தும்மல் நிற்பதற்குள் சந்தையில் பாதிப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சரசு மட்டும் சிரிக்கவில்லை. கோயிலில் நிற்கிற மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள். வீடு திரும்பும்போது, பெரியவர் தன்மையான மனுசர், முறை தெரிந்தவர் என்று என்னிடம் சொன்னாள். தும்மலில் என்ன முறை என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், மலையின் இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டுக்குப் போனோம். பாதி தூரம் ஜீப், மீதி ஒற்றையடிப் பாதை. சரசு புளிச்சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதையில் ஆர்தரின் வலது கால் செருப்பு அறுந்துபோனது. வாழைநாரால் கட்டிக்கொண்டு நடந்தார்.

தோட்டக்காரர் பெயர் பொன்னுசாமி. சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி தரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத உயரம்வரை அப்பிக்கொண்டு ஏறியிருந்தது. கணுக்களில் கால் வைக்க இடம் விட்டுச் சீவிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. பொன்னுசாமி இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அதில் சரசரவென்று ஏறிப் போனார். மேலிருந்தபடியே ஒரு பச்சைச் சரத்தைக் கிள்ளி ஆர்தருக்குப் போட்டார். ஆர்தர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எழுபத்திரண்டு வருடமாகப் பெயராகச் சுமந்துவந்த பொருளைக் கொடியோடு இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.  பிறகு நாலைந்து மிளகை உருவி வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுளித்தது, சிவந்தது, கடைசியில் மலர்ந்தது.

எனக்குப் பின்னால் தூக்குவாளி கீழே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சரசு தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்த மனுசரு, அவுங்க கூட்டத்துப் பேரையே கடிச்சுத் தின்னுட்டாருங்க்கா. மூணு நாளா ஒரு மொளகு அவரு வாயில படாமப் பாத்துக்கிட்டேன். இங்க வந்து தோத்துட்டேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எங்கள் பக்கத்துக் குடியானவர்களில் ஒவ்வொரு வம்சமும் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு பறவையின் பெயரோ, செடியின் பெயரோ, மீனின் பெயரோ இருக்கும், கூடிக் கும்பிட ஒரு கோயிலும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்கள் அந்தப் பொருளைச் சாப்பிட மாட்டார்கள், அதற்குத் தீங்கும் செய்ய மாட்டார்கள். சரசுவின் அப்பா காடைக் கூட்டம். அவர் காட்டில் உழும்போது காடை முட்டையைக் கண்டால், அந்த இடத்தை மட்டும் உழாமல் விட்டுவிடுவார். வம்சத்துப் பெயரே மிளகு என்று நான் போனில் சொன்னதும், சரசு அவரை மிளகுக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இருபது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த எனக்கு அது புத்தியில் உறைக்கவே இல்லை. சந்தையில் அவர் மண்டியிட்டது அவளுக்குக் கும்பிடாகத் தெரிந்திருக்கிறது.

ஆர்தரிடம் விளக்கினேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்று நாளாகத் தான் மிளகுப் பட்டினி கிடந்த ரகசியம் இதுதானா என்றார். சட்டென்று சிரிப்பு நின்றது. கையில் இருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு, சரசுவிடம் ஒன்று கேட்கச் சொன்னார். ஒரு கூட்டத்தில் பிறந்த ஒரு பெண், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, சின்ன வயதிலிருந்து அந்தப் பொருளைத் தொடாமல் இருந்தால், அதற்கு என்ன அர்த்தம்?

சரசு யோசிக்கவே இல்லை. "அது பொறப்புலயே வந்ததுங்க. சொல்லிக்குடுத்தா அதெல்லாம் வரும்? அவுங்கதான் அசல் மொளகுக் கூட்டம்." பிறகு, யார் அந்தப் பெண் என்று கேட்டாள். பெரியவரின் தங்கை என்றேன். முகம் தெளிந்து, அவர்கள் கூட்டத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாள். இவர்கள் இரண்டு பேர்தான் என்றேன். தங்கையை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆறு வருடத்தையும், கிறிஸ்துமஸ் விருந்தில் ஆர்தர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

சரசு ஆர்தரை நேராகப் பார்த்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"ஏனுங்க, இருக்கறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தரோட ஒருத்தர் பேச்சில்லீன்னா, கூட்டத்துக் கோயிலுக்கு யாரோட போவீங்க?"

நான் வார்த்தை மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.  ஆர்தர் கொடியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொன்னுசாமி மிளகு பறித்து முடித்துக் கீழே இறங்கி வந்தார். புளிச்சோற்றில் பாதி மண்ணாகிவிட்டது. மிஞ்சியதை நான்கு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். ஆர்தர் அந்த மிளகுச் சரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதிலிருந்து ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

செம்மேட்டுக்குத் திரும்பியபோது மணி நான்கு. ஆர்தர் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகை வைத்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தார். எண்ணை அவர் எங்கும் பார்க்கவில்லை, மனப்பாடமாகச் சுழற்றினார். மூன்று முறை இணைப்பு கிடைக்கவில்லை. நான்காவது முறை மணி அடித்தது. பூத்தின் கதவு சாத்தாது. போனும் பழைய போன், மறுமுனைக் குரல் தெருவரைக்கும் கேட்கும். ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நான் நினைத்தேன், ஆனால் நகரவில்லை.

"டோரத்தி, நான் ஆர்தர்" என்றார்.  வைத்துவிடப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவரும் பயந்திருக்க வேண்டும், வேகமாகப் பேசினார். மிளகு விளைகிற மலையில் இருப்பதாகச் சொன்னார். இங்கே வம்சப் பெயர்களுக்கு ஒரு சட்டம் இருப்பதையும், இங்கே ஓர் அம்மாள் தங்கள் இருவரின் வழக்கை விசாரித்துவிட்டதையும் சொன்னார்.

"யார் ஜெயித்தது?" என்று டோரத்தியின் குரல் கேட்டது. கறாரான குரல்.

"நீ. இந்தச் சட்டப்படி பெப்பர்கார்ன்கள் மிளகு சாப்பிடக் கூடாது. அறுபத்தெட்டு வருடமாக நீ ஒருத்திதான் அந்தப் பெயரைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் வேளாவேளைக்குத் தின்று தீர்த்திருக்கிறேன். உனக்கு உரிமை இருக்கிறதா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி அது. என்னை மன்னித்துவிடு."

  பூத்துக்காரர்கூடக் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டோரத்தி கேட்டாள், "விமான நிலையத்திலிருந்து உன்னை வீட்டுக்கு அழைத்துப் போக யாராவது வருகிறார்களா?"

இல்லை என்றார் ஆர்தர். எந்த நாள், எந்த நேரம் என்று சொல், எழுதிக்கொள்கிறேன் என்றாள் அவள். அவர் சொல்லச் சொல்ல, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்தவர் செம்மேட்டுக் கடைத்தெருவில், வாழைநார் கட்டிய செருப்போடு, நான்கு அடி நடனமாடிக் காட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே, அவர்கள் நாட்டில் இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது, நாளைக்காவது பெரியவருக்கு மிளகு போட்டுச் செய்து கொடு, அதற்காகத்தானே கடல் கடந்து வந்திருக்கிறார் என்றேன். சரசு சரி என்றாள்.

மறுநாள் காலை பேருந்துக்குக் கிளம்பும் முன் பொங்கல் போட்டாள். இந்த முறை ஆர்தரின் தட்டிலும் மிளகு, எனக்குப் போட்டதைவிடத் தாராளமாக. நெய் வாசனை வீட்டைத் தூக்கியது. ஆர்தர் தட்டைப் பார்த்தார், ஆசையாக ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு தட்டை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, முந்தாநாள் போட்ட மாதிரி வெள்ளைப் பொங்கல் கிடைக்குமா என்று சரசுவிடம் கேட்கச் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் சரசு எழுந்துபோய், தனியாகப் பொங்கி மூடி வைத்திருந்த பாத்திரத்தைக் கொண்டுவந்தாள்.